கண்டி மலையின் நள்ளிரவுக் குரல்



சில காலத்துக்கு முன் பின்லாந்து நாட்டுத் திரைப்படம் ஒன்றைக் கண்டேன். எரிக் புளொம்பெர்க் என்பவர் 1952ஆம் ஆண்டில் எடுத்த 'வெள்ளைத் துருவமான்' என்பது அது. அம்மொழியில் ஒரு சொல்லும் நான் அறியேன். ஆயினும் குறையொன்றும் தோன்றவில்லை. பனிவெளியும் காற்றும் நிழலுமே பெரும்பாலும் கதையைச் சொல்லிவிடுகின்றன. கணவனின் அன்பை நாடி மந்திரவாதியிடம் சென்ற இளம்பெண்ணொருத்தி வெள்ளை மானாக மாறுகிறாள். தன்னை வேட்டையாட வரும் ஆடவரைக் கொல்கிறாள். முடிவில் கணவன் கை ஈட்டிக்கே இரையாகிறாள்.

மனிதர் விலங்காவர் என்னும் நம்பிக்கை ஐரோப்பாவில் வெறுங் கதையாக நின்றுவிடவில்லை. 1589ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பெட்பேர்க் என்னும் ஊரில் பீட்டர் ஸ்டும்ப் என்பவன், ஓநாயாக மாறிக் கொலைகள் செய்தான் என்று குற்றஞ் சாட்டப்பட்டான். சித்திரவதைக்கு அஞ்சி அவன் அளித்த வாக்குமூலமே சான்றாயிற்று. கொடிய முறையில் அவன் கொல்லப்பட்டான்.

நம் இலங்கைக் காடுகளில் ஓநாய் இல்லை. ஆனால், கண்டி மலைநாட்டுக்கு ஓர் இரவுக்குரல் உண்டு. அதனைப் பற்றி எழுதி வைத்தவர் ரொபட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1660ஆம் ஆண்டில், தமது 19ஆம் வயதில், கொட்டியாரக் குடாவில் சிறைப்பட்ட அவர், கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கைதியாக வாழ்ந்தார். 1679இல் தப்பி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அவருடைய நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது.

நாய் குரைப்பதை ஒத்த கூரிய குரலொன்றை இரவில் தாமே பலமுறை கேட்டதாக அவர் அதில் கூறுகிறார். அது ஓரிடத்தில் ஒலித்து, பறவையும் பறக்கவியலாத விரைவில் வேறோரிடத்தில் ஒலிக்குமாம். நாய்களும் அதைக் கேட்டு நடுங்குமாம். மலைநாட்டிலன்றித் தாழ்நிலத்தில் அது கேட்பதில்லையாம். பேயின் குரலென்றே மக்கள் நம்பினர், நொக்சும் நம்பினார். ஆயினும், அக்குரல் எவருக்கும் தீங்கிழைத்ததாகத் தாம் கேள்விப்பட்டதில்லை என்று நேர்மையாக எழுதுகிறார். அதனோடு இன்னொன்றையும் சேர்க்கிறார்: அக்குரல் எழுவதற்குச் சற்று முன்னரோ பின்னரோ அரசன் ஆட்களைக் கொல்விப்பது வழக்கமாம்.

அவ்வரசன் இரண்டாம் இராஜசிங்கன். போர்த்துக்கேயரை எதிர்த்து நின்ற வீரன். 1664ஆம் ஆண்டில் நிலம்பையில் எழுந்த கிளர்ச்சிக்குத் தப்பி அங்குரான்கெத்தைக்குச் சென்றவன். கிளர்ச்சிக்குப் பின் அவனுடைய ஐயமும் தண்டனையும் பெருகின என்பது நொக்சின் நூலால் விளங்கும். அத்தகைய அரசின்கீழ் வாழ்ந்த குடிகள், நள்ளிரவில் எழுந்த ஒலியில் மரணத்தின் அறிவிப்பைக் கேட்டதில் வியப்பென்ன?

சிங்கள மக்கள் 'உலமா' என்றழைக்கும் பேய்ப்பறவையே அக்குரலுக்கு உரியது எனக் கருதுவோர் உளர். அப்பறவை காட்டில் வாழும் பெரிய ஆந்தையினம் ஒன்று என்று இக்காலத்தார் பலர் சொல்வர். ஆனால் நாட்டார் கதையோ வேறு. மனைவியின் கற்பில் ஐயுற்ற ஒருவன், தன் குழந்தையைக் கொன்று, அதன் ஊனைச் சமைத்து அவளுக்கே படைத்தானாம். உணவில் குழந்தையின் விரலைக் கண்ட தாய், பித்தேறிக் காட்டுக்குள் ஓடிப் பறவையானாளாம். அந்த அழுகையே இன்றும் மலையில் ஒலிக்கின்றதாம்.

ஓநாய் மனிதன் பிறரைக் கொல்பவன். நம் மலைநாட்டுக் கதையில் உருமாறியவளோ கொடுமைக்கு ஆளானவள். கொலை செய்தவன் கடைசிவரை மனித உருவிலேயே இருக்கிறான். நொக்ஸ் கேட்ட குரலும் எவரையும் கொல்லவில்லை. கொல்லும் ஆணை அரண்மனையிலிருந்து வந்தது.

"அது உண்மையிலே பேய்தானா, ஐயா?" என்று என் மாணாக்கர் வினவுவதுண்டு. பறவையாக இருக்கலாம் என்று சொல்லி, "ஆனால், அந்த நாளில் மக்கள் எதற்கு அஞ்சினர் என்று நொக்சின் நூலை மீண்டும் படித்துப் பாருங்கள்" என்பேன். வரலாற்று மாணவன் செவிகொடுக்க வேண்டிய குரல் அந்த அச்சத்தின் குரலேயாகும்.