அயனிச் சேர்மங்களின் நீர்க் கரைதிறன்

குறிப்பிட்ட வெப்பநிலையில், குறிப்பிட்ட அளவு நீரில் ஓர் உப்பு அதிகபட்சம் எவ்வளவு கரையுமோ அதுவே அதன் கரைதிறன். 25 பாகை செல்சியசில் 100 கிராம் நீரில் சமையல் உப்பு ஏறத்தாழ 36 கிராம் கரைகிறது. சுண்ணாம்புக்கல்லாகிய கால்சியம் கார்பனேட்டோ, தூய நீரில் லிட்டருக்குச் சுமார் 13 மில்லிகிராம்தான். சென்னையின் மயிலாப்பூர், அடையாறு வீடுகளின் 'போர் தண்ணி' (ஆழ்துளைக் கிணற்று நீர்) பற்றிய குறைகளில் பல இந்த இரண்டு உப்புகளுக்கு இடையிலான வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

நீர் மூலக்கூறின் ஆக்சிஜன் பக்கம் நேர்மின் அயனியையும், ஹைட்ரஜன் பக்கம் எதிர்மின் அயனியையும் இழுக்கும். படிகத்தின் பிடியை இந்த இழுப்பு ஈடுகட்டினால் உப்பு கரையும். கால்சியமும் கார்பனேட்டும் இரட்டை மின்சுமை கொண்டவை. அதனால் இறுகப் பிணைந்திருக்கின்றன. ஆனால் மின்சுமையை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. பேதியுப்பான மெக்னீசியம் சல்பேட்டுக்கும் இரட்டை மின்சுமைதான். அது தாராளமாகக் கரைகிறது.

கரையாத கார்பனேட் கிணற்று நீரில் எப்படி வந்தது? மண்ணில் இறங்கும் மழைநீர் கார்பன் டை ஆக்சைடை ஏந்திக்கொள்கிறது. கடற்கரை மணலில் கிடக்கும் சிப்பி, கிளிஞ்சல் துணுக்குகளை அது கரையும் பைகார்பனேட்டாக மாற்றுகிறது. நீரைக் கொதிக்க வைத்தால் வாயு வெளியேறி, கார்பனேட் மீண்டும் வீழ்படிவாகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியிலும் கீசர் கம்பியிலும் ஒட்டும் வெள்ளைப் படிவு இதுதான். வினிகர் ஊற்றினால் நுரைத்துக் கரையும். அப்போது உருவாகும் கால்சியம் அசிட்டேட் நன்கு கரையும் உப்பு. சோப்பு நுரைக்காமல் ஏடாகத் திரள்வதற்குக் காரணம், கரையாத கால்சியம் சோப்பு. பருப்பு எளிதில் வேகாததற்கும் கால்சியமே காரணம்: அது பருப்பின் பெக்டினை இறுக்குகிறது. குடிநீரின் கடினத்தன்மைக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் வரம்பு லிட்டருக்கு 200 மில்லிகிராம். மாற்று நீராதாரம் இல்லாதபோது 600.

கரிக்கும் நீரின் கதை வேறு. கரையோர நிலத்தடியில் நன்னீர், அடர்த்தி மிகுந்த கடல்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை அது கடலைத் தள்ளி வைக்கும் என்பது பொதுக் கணக்கு. அளவுமீறி இறைத்தால் கடல் மேலேறும். இந்த உப்பு கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். சவ்வு வழியே அழுத்திப் பிரிக்க வேண்டும். சென்னைக்குத் தெற்கே நெம்மேலியில் 2013இல் தொடங்கிய, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள ஆலை அப்படித்தான் கடல்நீரைக் குடிநீராக்குகிறது. நீரில் குளோரைடு இருப்பதைக் காட்ட, பிளஸ் டூ ஆய்வகத்தின் சில்வர் நைட்ரேட்டே போதும்: கரையாத சில்வர் குளோரைடு தயிர்போலத் திரளும்.

தமிழகத்தில் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது; அதற்கு முந்தைய ஆண்டே மந்தைவெளியில் ஆகாஷ் கங்கா அறக்கட்டளையின் மழை மையம் தொடங்கியிருந்தது. கூரை நீரைக் கிணற்றில் விடுவதால் கரைந்த உப்பு வெளியேறிவிடாது. அதன் செறிவு குறையும், நன்னீர்ப் படலம் தடித்துக் கடல்நீர் கீழே இறங்கும்.