விவிலியத்தின் மௌனமும் தமிழ்க் காப்பியத்தின் மொழியும்

பழங்கதையைப் புதிய நோக்கில் எடுத்துரைப்பது தமிழுக்குப் புதியதன்று. வான்மீகியின் இராம காதையைத் தமிழில் பாடப் புகுந்த கம்பர் அதனை வரிக்கு வரி மொழிபெயர்த்தாரல்லர். இராவணன் சீதையைக் கைப்பற்றித் தூக்கிச் சென்றான் என்பது வடமொழி மூலம். அவள் இருந்த குடிலை நிலத்தோடு பெயர்த்தெடுத்துச் சென்றான் என்பது கம்பர் கண்ட காட்சி. கதை அதுவே, அதனைக் கண்ட கண் தமிழ்க் கண். நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடிய உமறுப்புலவரும் நாட்டு வளமும் நகர வளமும் பாடும் தமிழ் மரபை மறந்தாரல்லர். விவிலியக் கதைகளும் இந்நெறியிலேயே தமிழில் புத்துருவம் பெற்றன. அவ்வரலாறு கிறித்தவ மக்களுக்கு மட்டுமே உரியதன்று. தமிழ் பேசும் அனைவருக்கும் பொதுவான செல்வமாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவிலியம் இருவழிகளில் தமிழகத்துள் புகுந்தது. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்தார். 1715ஆம் ஆண்டில் அது முழுமையாக அச்சேறியது. இது மொழிபெயர்ப்பு வழி. மற்றொன்று காப்பிய வழி. இத்தாலியில் 1680ஆம் ஆண்டு பிறந்து, முப்பது வயதளவில் இந்தியா வந்து, தமிழ் கற்றுப் புலவரான வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணியைப் பாடி முடித்தார். மூன்று காண்டங்கள், முப்பத்தாறு படலங்கள், 3615 பாடல்கள் கொண்டது அந்நூல். சமயப் பிரிவால் இவ்விருவரும் எதிரெதிர் அணியினர். எனினும் ஒருவர் செய்யாது விட்டதை மற்றவர் செய்தார் என்று இன்று நாம் இருவரையும் ஒருங்கே போற்றலாம். முன்னவர் மூலத்தின் சொற்களைத் தமிழாக்கினார். பின்னவர் அச்சொற்களுக்கு இடையிலிருந்த மௌனத்தைத் தமிழாக்கினார்.

மௌனம் என்று நாம் கூறுவது காரணம் பற்றியே. தேம்பாவணியின் தலைவர் இயேசுநாதர் அல்லர். அவரை வளர்த்த தந்தையாகிய சூசையப்பர். நற்செய்தி நூல்கள் நான்கிலும் தேடினாலும் சூசையப்பர் வாய் திறந்து பேசியதாக ஒரு சொல்லும் கிடையாது. அவர் கனவு காண்கிறார், கனவில் வந்த கட்டளைப்படி எழுகிறார், செய்கிறார். பின்னர்க் கதையிலிருந்தே மறைந்துவிடுகிறார். பேசாத அம்மனிதரைக் காப்பியத் தலைவராக்கத் துணிந்ததே வீரமாமுனிவர் கண்ட புதுமையாகும். அவர் காட்டும் தலைவர் அரசர் அல்லர். போர் வென்ற வீரர் அல்லர். கையுழைப்பால் குடும்பம் காத்த தச்சர்.

பெயர் சூட்டுவதிலும் முனிவரின் நுட்பம் விளங்குகிறது. யோசேப்பு என்னும் எபிரேயப் பெயர் பெருக்கம் என்னும் பொருளைத் தழுவியது. ஆகவே அவர் தம் தலைவரை ‘வளன்’ என்றழைத்தார். யோவான் என்னும் பெயர் இறைவனின் அருளைக் குறிப்பது. ஆகவே அவர் ‘கருணையன்’ ஆனார். ஒலியைப் பெயர்க்காமல் பொருளைப் பெயர்த்த இம்முறையால் அயல்நாட்டு மாந்தர் நம் தெருவில் நடமாடும் மாந்தராயினர்.

மரியாள் கருவுற்றிருப்பது கண்டு சூசையப்பர் கலங்கியதை மத்தேயு நற்செய்தி மிகச் சுருங்கக் கூறிச் செல்கிறது. நீதிமானாகிய அவர், அவளை அவமானப்படுத்த மனமின்றி இரகசியமாக விலகிவிட நினைத்தார் என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. வீரமாமுனிவரோ இதற்கு ‘ஐயம் தோற்று படலம்’, ‘ஐயம் நீங்கு படலம்’ என இரு படலங்களை ஒதுக்கினார். நீதிமானுக்கும் ஐயம் வரலாம். ஐயம் வந்த வேளையிலும் பிறர் பழிக்கு அஞ்சும் நெஞ்சமே நீதியின் அடையாளம். மூலத்தில் விதையாகக் கிடந்த இவ்வுண்மை காப்பியத்தில் மரமாகி நிற்கிறது.

கருணையன் வரலாறும் அத்தகையதே. குழந்தை யோவான் பாலைவனத்தில் வளர்ந்தார் என்று லூக்கா நற்செய்தி ஒரு வாக்கியத்தில் முடிக்கிறது. அங்கே அவரோடு இருந்தவர் யார்? அவர் தாய் எலிசபெத்து எவ்வாறு மறைந்தார்? நூல் விடை கூறவில்லை. தேம்பாவணியோ கானகத்தில் தாயை இழந்த சிறுவனைக் காட்டுகிறது. தனியனாய் நின்று தாயை அடக்கம் செய்து புலம்பும் அவனோடு சேர்ந்து, பூத்த மரங்களும் பறவைகளும் அழுவன போல் ஒலிக்கின்றன. பிற்காலத்தில் ஆற்றங்கரையில் அஞ்சாது முழங்கிய தீர்க்கதரிசியை நாம் அறிவோம். தாயற்ற சிறுவனாக அவரை நமக்கு அறிமுகம் செய்தது இக்காப்பியம். தமிழகப் பள்ளிப் பாடநூல்களிலும் இப்பகுதி இடம்பெற்றமைக்கு அதன் மனித உருக்கமே காரணம் எனல் தகும்.

ஈண்டு ஒரு தடை எழுப்பப்படலாம். யூதேயா நாட்டை நாட்டுப் படலத்தில் வயலும் நீரும் நிறைந்த தமிழ் மருதமாகப் பாடியது உண்மைக்கு மாறன்றோ? புவியியல் நோக்கில் அது மாறே. ஆயினும் காப்பியம் நிலப்படம் அன்று. தன் தாய்நிலம் எவ்வளவு இனியது என்பதைக் கேட்போர் உணரவேண்டும். உணர்ந்தாலன்றி அந்நிலத்தைவிட்டு ஒரு குடும்பம் நள்ளிரவில் ஓடநேர்ந்த துயரம் அவர்க்கு விளங்காது. ஏரோது மன்னனின் வாளுக்குத் தப்பித் தாயையும் சேயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குச் சென்றதை மத்தேயு சில வாக்கியங்களில் சொல்கிறார். தேம்பாவணியின் இரண்டாம் காண்டத்தில் அப்புறப்பாடு ‘பைதிரம் நீங்கு படலம்’ எனத் தனிப் படலமாகவே விரிகிறது. பைதிரம் என்பது நாடு. நாடு நீங்கிச் செல்லும் வழியின் இடையிடையே, யோசுவாவின் வெற்றி முதலிய முன்னோர் கதைகளைக் கவிஞர் அமைத்தார். பிறந்த மண்ணைப் பிரிந்தவர்க்கு உடன்வருவன முன்னோர் கதைகளே என்பதைத் தமிழகத்திற்கு அப்பால் வாழும் நம்மனோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தாம் பிறந்த இத்தாலிக்கு மீளாமல் 1747ஆம் ஆண்டில் இம்மண்ணிலேயே மறைந்த முனிவருக்கும் அஃது அயலான செய்தி அன்று.

காப்பியம் கற்றோர்க்கு உரியது. பொதுமக்கள் நாவில் இக்கதைகளை நிலைபெறச் செய்தவர்களுள் தலையாயவர் தஞ்சை வேதநாயக சாத்திரியார். திருநெல்வேலியில் 1774இல் பிறந்த அவர், சுவார்ச்சு ஐயரிடம் பயின்றவர். சரபோசி மன்னரோடு ஒருங்கு கற்றவர். அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியில், உலாவரும் தலைவர் பெத்லகேம் நாதர். அவர்மீது காதல் கொள்ளும் தலைவி தேவமோகினி, அதாவது திருச்சபை. குறி சொல்ல வருகிறாள் குறத்தி. பிறர் மலைவளம் பாடவும் வேட்டையாடவும் கண்ட குறவஞ்சி மேடையில், இங்கே பறவை பிடித்தல் ஆன்மாக்களை மீட்கும் பணிக்கு உருவகமாகிறது. மனிதரைப் பிடிப்பவராவீர் என்று மீனவரை அழைத்த விவிலியச் செய்தி, தமிழகக் குறவர் கையிலுள்ள கண்ணிவலையில் மறுபிறவி எடுத்தது. சமூகத்தின் விளிம்பில் வாழ்ந்த குறத்தியின் வாயில் இறைச்செய்தியை வைத்தது வெறும் இலக்கிய உத்தியன்று. நற்செய்தியை முதலில் கேட்டவர் இடையர் என்னும் பழங்கதையின் நேரிய விளக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், 1894ஆம் ஆண்டு, எச். ஏ. கிருட்டிணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் வெளிவந்தது. வைணவக் குடியில் பிறந்து கம்பனில் திளைத்த அவர், ஆங்கிலேயர் சான் பனியன் எழுதிய உருவகக் கதையைத் தழுவி இதனைப் பாடினார். ஆயினும் தழுவலோடு நில்லாமல் இயேசுநாதரின் பாடுகளை விரிவாகத் தம் நூலுள் சேர்த்தார். குற்றமற்றவர் கட்டுண்டு நிற்கையில் கண்ட மக்கள் துடித்ததை அவர் பாடும் முறையில், இராமன் காடேகியபோது அயோத்தி அழுத அழுகையின் எதிரொலியை நாம் கேட்கிறோம். பழைய பக்தியின் சொற்களைக் களைந்தெறியாமல் புதிய நம்பிக்கைக்கு உரியனவாக்கிய பெருமை அவருடையது. 1981இல் மறைந்த கவியரசு கண்ணதாசனும் இயேசு காவியம் பாடி இவ்வரிசையில் இடம்பெற்றார்.

இவர்கள் எவரும் விவிலியக் கதையின் முடிவை மாற்றினாரல்லர். மூலம் பேசிய இடத்தில் அடங்கி நின்றார்கள். மூலம் பேசாத இடத்தில் தமிழால் பேசினார்கள். தேம்பாவணியின் இறுதிப் படலம் முடிசூட்டுப் படலம். அங்கே மண்ணுலக மன்னர் எவரும் முடிசூடவில்லை. ஊரார் அறியாது உழைத்து மறைந்த தச்சர் விண்ணில் முடிசூடுகிறார். இராமனுக்குச் சூட்டக் கற்ற தமிழ், அம்முடியை ஓர் உழைப்பாளியின் தலையிலும் வைத்து மகிழ்ந்தது.

வெளிமாநிலங்களில் வளரும் நம் சிறார் விவிலியக் கதையை ஆங்கிலத்தில் அறிவர். இராமகாதையை இந்தியில் கேட்பர். கதை எங்கும் கிடைக்கும். வளனும் கருணையனும் தேவமோகினியும் தமிழில் மட்டுமே கிடைப்பர். சங்கத்தின் வகுப்புகளிலும் இல்லங்களின் மாலைப் பொழுதுகளிலும் இப்பெயர்கள் ஒருமுறையேனும் ஒலிக்குமாயின், அயலிலிருந்து வந்து தமிழுக்கு அணிசெய்த முனிவருக்கு நாம் பட்ட கடனில் ஒரு சிறுபகுதி தீரும்.