தொலைந்த திறப்பும் புதுப் பூட்டும்

லண்டனில் முன்பு நான் வேலை செய்த இடத்தில், தரவுத்தள வழங்கியின் 'எஸ்ஏ' கடவுச்சொல் ஒருநாள் ஒருவருக்கும் நினைவில்லை. தெரிந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அடுத்தநாள் சம்பளநாள். "கம்பியூட்டருக்குள்ளைதானே இருக்கும், தேடி எடும்" என்றார் முதலாளி.

அப்படி எடுக்கக்கூடிய காலமும் இருந்தது. 1960களில் அமெரிக்காவின் எம்ஐரி பல்கலைக்கழகத்தில், பலர் பகிர்ந்த கணினியொன்றில் கடவுச்சொற்கள் அப்படியே எழுதிவைக்கப்பட்டிருந்தன. ஒருமுறை இரண்டு கோப்புகள் இடம்மாறி, உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக அந்தப் பட்டியல் முழுதும் தெரிந்தது! கேம்பிரிட்ஜில் ரோஜர் நீடாம் கண்ட மாற்றுவழியை 1968இல் வெளியான மோரிஸ் வில்க்சின் நூல் சொல்கிறது: சொல்லை வைக்காமல், திருப்பி எடுக்கமுடியாதபடி கணித்த அதன் சுவட்டை மட்டும் வைப்பது. இன்றைக்கும் அதே முறைதான்.

ஆக, எங்கள் கணினிக்கே அந்தச் சொல் தெரியாது. எஸ்கியூஎல் சேர்வரை நிறுத்தி, ஒற்றைப் பயனர் நிலையில் தொடக்கினேன். அப்போது அந்த இயந்திரத்தின் நிர்வாகியாக நுழைபவருக்கு முழு உரிமையும் கிடைக்கும். புதுக் கடவுச்சொல் இட்டேன். சம்பளம் போனது.

தொலைந்த திறப்பு கிடைக்கவில்லை, பூட்டைத்தான் மாற்றினோம். அதோடு ஒன்று உறைத்தது: இயந்திரம் யார் கையிலோ, தரவும் அவர் கையில்தான்.