எருவின் எடை: சில குறிப்புகள்

ஒரு வண்டி எரு எவ்வளவு கனம் என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. புதுச் சாணியில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். காய்ந்து மக்க மக்க அது வெகுவாகக் குறைந்துவிடும். வைக்கோல் கலந்தது உப்பலாய் இருக்கும், மண் கலந்தது கனக்கும். வண்டி என்பது கொள்ளளவு. பயிருக்கு வேண்டியதோ சத்து. ஆகவே குடியானவர்கள் "ஏக்கருக்கு இத்தனை வண்டி" என்று பேசியதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஈரத்தோடு மாறுகிற எடையைவிட வண்டி அவர்களுக்கு நம்பகமான அளவு, அவ்வளவுதான்.

அளவை வெறும் கணக்கல்ல; யார் அளக்கிறார், யாருக்காக என்பதும் அதனுள் உண்டு. போலந்து வரலாற்றாசிரியர் விட்டோல்ட் குலா 1970இல் வெளியிட்ட நூலில், தானியத்தைக் குவித்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்பதைப் பண்ணைக்கும் குடியானவருக்குமான சண்டையாகவே வாசித்தார். நமக்கும் இது புதிசல்ல. திருக்குறளின் உழவு அதிகாரத்தில் (குறள் 1037) உலரும் புழுதிக்குப் பலம், கால்பலம் என நிறையளவு வருகிறது. எருவுக்கு வருவதோ கைப்பிடி. மண் தராசில் ஏறுகிறது. எரு கையோடு நின்றுவிடுகிறது.

எருவையும் தராசில் ஏற்றியது காலனிய வேளாண் விஞ்ஞானம். திருமுடிவாக்கத்திலிருந்து அடையாற்றோடு கீழே போனால் வருகிற சைதாப்பேட்டையில் 1868இல் வேளாண் பள்ளி தொடங்கியது. 1906இல் கோயம்புத்தூருக்குப் போனது. 1889இல் இந்தியா வந்த வேதியியலாளர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், 1893இல் வெளியான அறிக்கையில், சாணியை வரட்டியாக்கி எரிப்பதால் நைட்ரஜன் வீணாவதைச் சொன்னார்; விறகுப் பஞ்சமே அதற்குக் காரணம் என்றும் ஒத்துக்கொண்டார்.

இடையில், 1891இல், செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர் அம்மாவட்டப் பறையர்கள் பற்றி எழுதினார். நிலமில்லை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்பது அதன் சாரம். பஞ்சமி நிலம் என்று இன்று பேசப்படுவதன் தொடக்கம் அங்கேதான். இரு அறிக்கைகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்கிறேன். ஒன்று எருவின் சத்தைக் கணக்கிட்டது. மற்றது எரு போட நிலமில்லாதவரைக் கணக்கில் கொண்டுவந்தது. தொழுவத்தைக் கூட்டியதும், எருக்குழியை வெட்டி வண்டியேற்றியதும், கூடையில் சுமந்து வயலில் கொட்டியதும் பெரும்பாலும் சேரி ஆட்களே. மாடும் நிலமும் உள்ளவனுக்கு அது "பத்து வண்டி". சுமந்தவளுக்கு எத்தனை நடை? அந்தக் கணக்கு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. பிடரிக்கு மட்டும் தெரியும்.

இன்று வேளாண் பல்கலைக்கழகம் நெல்லுக்குப் பரிந்துரைப்பது ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுஉரம். ஏக்கருக்குச் சுமார் 5 டன். அதில் நைட்ரஜன் அரை சதவீதம் என்றால் 25 கிலோ. யூரியாவில் 46 சதவீதம்; எனவே 54 கிலோ யூரியா அதே நைட்ரஜனைத் தரும். 5,000 கிலோ சுமந்த இடத்தில் ஒன்றேகால் மூட்டை! யூரியாவில் மக்கு இல்லை, மண்ணைப் பொலபொலப்பாக்க அதற்குத் தெரியாது என்பதெல்லாம் சரி. ஆனால் ரசாயன உரத்தை வெறும் சதியாக மட்டுமே பார்க்கிற சொல்லாடல், இறங்கிய இந்தச் சுமையைப் பற்றி வாய் திறப்பதில்லை.

திருமுடிவாக்கத்தை இன்று வெளியூர்க்காரர் அறிவது சிட்கோ தொழிற்பேட்டையால். மாடித்தோட்டக்காரர்களுக்கு எரு கிலோக் கணக்கில், பையில் வருகிறது. எருவுக்குத் திரும்புவோம் என்பது நல்ல பேச்சுத்தான். மண்ணுக்கு அது வேண்டும். ஆனால் திரும்பச் சொல்பவர்கள் ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும்: ஏக்கருக்கு 5 டன், யார் தலையில ஏத்தப் போறீங்க?