சுபாங் ஜெயாவில் உலோகப் பூச்சு: வெள்ளீயத்திலிருந்து பொடிக்கு

இன்று சுபாங் ஜெயா எனப்படும் மாநகரம் 1976ஆம் ஆண்டில் வீடமைப்புப் பகுதியாகத் திறக்கப்படும் வரை சீபீல்டு தோட்டத்தைச் சேர்ந்த நிலமாக இருந்தது. அதன் கிழக்கே, இன்று சன்வே என்று அறியப்படும் சுங்கைவே வட்டாரத்தில், வெள்ளீயம் தோண்டும் லம்பங்கள் இருந்தன. 1990களின் தொடக்கத்தில் திறக்கப்பட்ட சன்வே லகூன் நீர்க்கேளிக்கைப் பூங்கா அத்தகைய லம்பம் ஒன்றின் பள்ளத்திலேயே அமைக்கப்பட்டது. ஒரு பக்கம் பால்மரம், மறுபக்கம் ஈயம் என்றிருந்த இந்நிலத்தில், கேட்டுக்கும் கிரில்லுக்கும் மோட்டார் சைக்கிள் பாகங்களுக்கும் பொடியைத் தூவிச் சூடேற்றிப் பூசும் தொழில் காலூன்றியதை, இரும்பைத் துருவிலிருந்து காக்கும் முயற்சியின் நீண்ட வரலாற்றோடு சேர்த்தே பார்க்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கு அவ்வரலாற்றில் வெறும் வாடிக்கையாளராக நுழையவில்லை. உலகின் இரும்புத் தகடுகளுக்கான பூச்சுப்பொருளைத் தோண்டிக் கொடுத்த இடமாகவே நுழைந்தது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் வெள்ளீயத்தில் ஏறக்குறைய பாதி மலாயாவிலிருந்து சென்றது. 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் பாதை போடப்பட்டதற்கும், 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டதற்கும் இந்த ஈயமே முதன்மைக் காரணம்; பத்து தீகா, சுபாங் ஜெயா நிலையங்களைக் கடந்து கிள்ளான் துறைமுகம் வரை இன்று ஓடும் மின்தொடர்வண்டியும் பெரும்பாலும் அந்தத் தடத்திலேயே செல்கிறது. கப்பலேறிய ஈயத்தின் பெரும்பங்கு மெல்லிய இரும்புத் தகட்டின் இருபுறமும் பூசப்பட்டு டின் தகடாயிற்று. அத்தகட்டில் அடைபட்ட கெட்டிப்பால் மீண்டும் மலாயாவுக்கே வந்து, பால் தீர்ந்த டின்னில் காப்பியை ஊற்றிக் கயிறு கட்டித் தூக்கிச் செல்வது இந்நாட்டுக் காப்பிக் கடைகளின் வழக்கமாயிற்று. தோண்டி அனுப்பியவரின் கைக்கே அந்த ஈயம் மேல்பூச்சாகத் திரும்பி வந்ததைப் பொருளியல் நூல்கள் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

பூச்சுகள் எல்லாம் ஒரே முறையில் இரும்பைக் காப்பதில்லை என்பதை இங்கே விளக்கிவிடுவது நல்லது. வெள்ளீயம் ஒரு திரை மட்டுமே. அது கீறப்பட்டால் திறந்த இடத்தில் இரும்பு முன்னிலும் வேகமாகத் துருப்பிடிக்கும். துத்தநாகமோ கீறப்பட்ட பின்னும் தான் கரைந்து இரும்பைக் காக்கும். தோட்டத்து லயங்களின் கூரைகளில் கிடந்த நெளிதகரம் பல்லாண்டு மழையைத் தாங்கியதற்கு அதுவே காரணம். எண்ணெயில் குழைத்த சாயமும் பின்னாளில் வந்த பொடிப் பூச்சும் ஈயத்தைப் போலத் திரை வகையைச் சேர்ந்தவை. ஆதலால் அவற்றின் ஆயுள் நிறத்தின் தரத்தைக் காட்டிலும், நிறத்துக்கு அடியில் இரும்பு எவ்வளவு துப்புரவாக இருந்தது என்பதையே பொறுத்தது.

கோலாலம்பூரின் செந்தூலில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இரயில்வே பட்டறையும், பிரிக்பீல்ட்ஸில் இருந்த இரயில்வே கிடங்கும் குடியிருப்புகளும் தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் உலோக வேலைக்குள் வந்த இடங்கள். அக்காலத்தில் பாலங்களுக்கும் வண்டிகளுக்கும் உலகெங்கும் அடிச்சாயமாகப் பயன்பட்டது, காரீயத்திலிருந்து செய்யப்படும் செந்தூரத்தை ஆளிவிதை எண்ணெயில் குழைத்த கலவை. அது நன்றாகவே காத்தது. ஆனால் காய நாள் கணக்கில் எடுத்துக்கொண்டது, பழைய பூச்சைச் சுரண்டுவோரின் நுரையீரலில் காரீயத் தூளைச் சேர்த்தது. பின்னர் வந்த தெளிப்புச் சாயங்கள் விரைவில் காய்ந்தன என்றாலும், அவற்றை நீர்க்கச் செய்யும் கரைப்பான் முழுவதும் ஆவியாகிப் பட்டறைக் காற்றில் கலந்தது.

கரைப்பானே இல்லாமல் பூச முடியுமா என்ற கேள்விக்கு விடை ஜெர்மனியில் கிடைத்தது. எர்வின் கெம்மர் என்பவர் 1950களின் தொடக்கத்தில், தொட்டியின் அடியிலிருந்து காற்றைச் செலுத்திப் பிளாஸ்டிக் பொடியைத் திரவம் போல் மிதக்கச் செய்து, சூடேற்றிய பாகத்தை அதற்குள் அமிழ்த்தி எடுக்கும் முறையை உருவாக்கினார். அப்பூச்சு தடிமனாக இருந்ததால் கம்பிக் கூடைகளுக்கும் குழாய்களுக்கும் பொருந்தியதே தவிர, அலமாரிக்கும் விசிறிக்கும் பொருந்தவில்லை. 1960களில் மின்னேற்ற முறை வந்தது: துப்பாக்கி போன்ற கருவியின் முனையில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுக்கப்பட, அதன் வழியே வெளிவரும் பொடித்துகள் மின்னேற்றம் பெற்று, நில இணைப்புக் கொடுக்கப்பட்ட உலோகத்தில் சென்று ஒட்டிக்கொள்கிறது, பின்பு ஏறத்தாழ 180 முதல் 200 பாகை செல்சியஸ் சூட்டில் அது உருகி, வேதிவினையால் இறுகி, 60 முதல் 80 மைக்ரான் தடிமனுள்ள ஒரே படலமாகிறது. முதலில் பயன்பட்ட எப்பாக்சிப் பொடி வெயிலில் சுண்ணாம்பு போல் வெளிறியது. 1970களில் பரவிய பாலியெஸ்டர் வகையே வெளிப்புற வேலைக்கு வழிவிட்டது. நிலநடுக்கோட்டு வெயிலில் நிற்கும் கேட்டுக்கு எது வேண்டும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

இதே காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கின் முகம் மாறிக்கொண்டிருந்தது. 1965இல் மாட்சுஷிட்டா மின்பொருள் நிறுவனம் ஷா ஆலாமில் தொடங்கியது. 1967இல் பத்து தீகாவில் வால்வோ கார்களைப் பொருத்தும் ஆலை வந்தது. 1972இல் சுங்கைவேயில் தடையற்ற வாணிக மண்டலம் அமைந்தது. வீட்டு மின்பொருள்களின் உறைகளும் இரும்பு அலமாரிகளும் உலகெங்கும் பொடிப் பூச்சுக்கு முதலில் மாறிய பொருள்களுள் அடங்கும். அத்தகைய பொருள்களுக்கான தொழிற்பேட்டைகள் கூட்டரசு நெடுஞ்சாலையை ஒட்டி வளர்ந்தன. 1985ஆம் ஆண்டு இம்மாற்றத்தை ஓராண்டுக்குள் காட்டிவிடுகிறது: ஜூலையில் ஷா ஆலாமில் உருவான முதல் புரோட்டோன் சாகா கார் வெளிவந்தது, அக்டோபரில், ஈய விலையைத் தாங்கிப் பிடித்து வந்த அனைத்துலக ஈய மன்றத்தின் பணம் தீர்ந்து ஈய விலை சரிந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் அடுத்த தலைமுறை இந்த ஆலைகளுக்கே வேலைக்குப் போயிற்று. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், அதன் கீழ் 1989இல் வந்த அட்டவணைக் கழிவு விதிகளும் சாயச் சகதியை வாய்க்காலில் விடுவதற்குத் தடை போட்ட பிறகு, சிந்திய தூளைத் திரட்டி மீண்டும் பயன்படுத்தக்கூடிய பொடி முறைக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது.

ஆலையிலிருந்து இத்தொழில் சிறு பட்டறைக்கும், அங்கிருந்து ஆர்வலரின் வீட்டுக்கும் இறங்கியது, குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் மலிவான துப்பாக்கிகள் கிடைத்த பின்னரே. தொடங்குவோருக்கு வேண்டியவை மிகச் சில: துப்பாக்கி, காற்றழுத்தி, மின்சார அடுப்பு, நம்பத்தக்க நில இணைப்பு. ஆனால் சுபாங் ஜெயாவில் தனியாகக் கணக்கில் கொள்ள வேண்டிய ஒன்று உண்டு, அது ஈரம். காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும் இவ்வூரில், காற்றழுத்தி உறிஞ்சும் காற்றிலுள்ள நீராவி தொட்டிக்குள் நீராகி, குழாய் வழியே துப்பாக்கிக்கு வந்து, பொடியைக் கட்டியாக்கித் துப்ப வைக்கும். நீர் பிரிக்கும் வடிகட்டியை இடையில் பொருத்தாதவர் தம் கருவியைக் குறை கூறுவதில் பயனில்லை. மணல் வீசித் துப்புரவாக்கிய இரும்பும் இங்கே சில மணி நேரத்தில் மெல்லிய செந்துரு பூத்துவிடும் என்பதால், எண்ணெய்ப் பிசுக்கு நீக்குதல், மணல் வீசுதல், பூசுதல், சுடுதல் ஆகிய எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்தாக வேண்டும். அரைகுறையாகத் திறந்து வைத்த பொடிப்பை மழைக்காலத்தில் கெட்டுப்போவது தனிக்கதை.

ஆபத்துகள் கரைப்பானோடு போய்விடவில்லை. மூடிய அறையில் காற்றில் மிதக்கும் பொடி தீப்பொறி பட்டால் வெடிக்கக்கூடியது, டி.ஜி.ஐ.சி. எனும் இறுக்குபொருள் சேர்ந்த பாலியெஸ்டர் பொடி மரபணுவுக்குத் தீங்கு செய்யக்கூடியது; ஆகவே தக்க முகக்கவசம் கட்டாயம். பொடி சுட்ட அடுப்பில் பிறகு உணவு சமைக்கவே கூடாது. பெரும்பாலானோர் தவறுவது சூட்டுக் கணக்கில்: பொடி விற்பவர் குறிப்பிடும் 10 அல்லது 15 நிமிடம் அடுப்பு சூடான நேரத்திலிருந்து அன்று, உலோகமே அச்சூட்டை எட்டிய நேரத்திலிருந்து எண்ண வேண்டியது, கனத்த வார்ப்பிரும்பு அச்சூட்டை எட்டவே வெகுநேரமாகும், அதன் நுண்துளைகளில் ஊறிய எண்ணெயும் அப்போதுதான் குமிழியிட்டு வெளிவரும் என்பதால் பூசுமுன் ஒருமுறை வெறுமனே சுட்டெடுக்க வேண்டும். இவை எல்லாம் கைவந்தாலும் எல்லையை வகுப்பது அடுப்பின் அகலமே: மோட்டார் சைக்கிளின் மூடிகளும் தாங்கிகளும் வீட்டு அடுப்பில் அடங்கும், கார் ரிம்மும் வீட்டு கேட்டும் ஆள் நுழையும் அடுப்பு வைத்திருக்கும் தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்குத்தான் போக வேண்டும்.