முடிவுக்குறியின் வரலாறு: சி மொழிச் சரங்களும் நினைவக வழுக்களும்

சி மொழியில் எழுதப்பட்ட செய்நிரலொன்று இடைநடுவே நின்றுபோகுமிடத்து, அதனை எழுதியவரின் கவனக்குறைவே காரணம் எனக் கூறி அமைதல் வழக்கம். பாடநூல்கள் பலவும் இவ்வாறே போதித்து வந்துள்ளன. ஒருவர் ஒருமுறை தவறுதல் கவனக்குறைவாகலாம். ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக, ஆற்றல்மிக்க நிரலாளரும் ஒரே இடத்திலேயே தவறி வருவாராயின், அதனைத் தனிமனிதரின் குணவியல்பு கொண்டு விளக்கிவிட முடியாது. அத்தவறு எத்தகைய சூழலிற் பிறந்தது, எவருடைய தீர்மானத்தால் நிலைபெற்றது என்பனவே ஆராயப்படவேண்டியன.

சி மொழியின் முன்னோடியான பிசிபிஎல், மாட்டின் றிச்சாட்ஸ் என்பவரால் 1967ஆம் ஆண்டளவில் வகுக்கப்பட்டது. அதிலே ஒவ்வொரு சரத்தின் முதற் பைற்றிலும் அச்சரத்தின் நீளம் எழுதப்பட்டிருந்தது. பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சன் அம்மொழியைச் சுருக்கிப் பி மொழியை ஆக்கியபோது, நீளம் கைவிடப்பட்டு, இறுதியில் ஒரு முடிவுக்குறி இடப்பட்டது. டெனிஸ் றிச்சி 1993இல் எழுதிய வரலாற்றுக் கட்டுரையில் இதற்கு இரு காரணங்கள் கூறினார்: நீளத்தை ஒரு சிற்றிடத்தில் எழுதினாற் சரத்தின் அளவுக்கு வரம்பு ஏற்படும், நீளத்தைப் பேணுவதிலும் முடிவுக்குறியைக் கையாளுதல் அவர்கள் அனுபவத்தில் எளிதாயிருந்தது. அவர்கள் பயன்படுத்திய பிடிபி-7 பொறியின் நினைவகம் 8,000 சொற்கள் அளவினது. அடுத்து வந்த பிடிபி-11இல் இருந்தது 24,000 பைற்றுகளே. அவ்வறுமையில் அது நியாயமான தெரிவு. சி மொழியில் அக்குறி பூச்சியமாயிற்று.

இத்தெரிவின் விளைவு யாது? ஒரு சரத்தை ஒரு சார்பிடம் ஒப்படைக்கும்போது அதன் தொடக்க முகவரி மட்டுமே செல்கின்றது. சரம் எவ்வளவு நீளமானது, அதற்கென ஒதுக்கிய இடம் எவ்வளவு என்பன உடன் செல்வதில்லை. பெறுபவர் பூச்சியத்தைக் காணும்வரை நடந்துகொண்டே இருக்கவேண்டும். பூச்சியம் இல்லையேல் அயலார் நிலத்திற் புகவேண்டியதுதான். சரத்தின் நீளத்துக்குச் சரியாக இடம் ஒதுக்கி, முடிவுக்குறிக்கான ஒரு பைற்றை மறப்பது மிகப் பரிச்சயமான வழு. நினைவகத்தை ஒதுக்கும் நூலகம் கேட்ட அளவை 8 அல்லது 16 பைற்று எல்லைக்கு உயர்த்தித் தருவதால், அவ்வழு பெரும்பாலும் வெளிப்படாது. நீளம் சரியாக எல்லையில் வந்து விழும் நாளிலேதான் அயலிலுள்ள தரவு சிதையும். அதுவும் அப்பொழுதே தெரிவதில்லை. முற்றிலும் தொடர்பற்ற வேறொரு சார்பில், பிறிதொரு நேரத்திற் செய்நிரல் வீழும். வீழ்ந்த இடத்தை ஆராய்பவர் குற்றமற்ற வரிகளையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பார்.

வேறு வழி அறியப்படாமலிருந்தது என்று கூறுதலும் பொருந்தாது. ரொனி ஹோர் 1980ஆம் ஆண்டின் ரியூறிங் விருது உரையில், 1960களில் எலியற் நிறுவனத்தில் தாம் ஆக்கிய அல்கோல் தொகுப்பான் அணியின் எல்லையை ஒவ்வொரு தடவையும் சரிபார்த்தது என்றார். வேகத்தின் பொருட்டு அச்சோதனையை நீக்கலாமா என வினவியபோது, வாடிக்கையாளர் ஒருமுகமாக மறுத்தனர் என்பதையும் அவர் நினைவுகூர்ந்தார். பாதுகாப்பின் விலையைச் செலுத்தப் பயனாளர் ஆயத்தமாகவே இருந்தனர் என்பதற்கு இஃதொரு சான்று.

1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் நிகழ்ந்தது இவ்வகையில் ஆழ்ந்து நோக்கத்தக்கது. கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் றொபேட் மொறிஸ் ஏவிய புழு வலையமைப்பிற் பரவியது. அது கையாண்ட வழிகளுள் ஒன்று, பயனாளரைப் பற்றிய தகவல் தரும் சேவைச் செய்நிரலொன்றில் இருந்த குறை. அங்கே 512 பைற்று இடத்தினுள் ‘கெற்ஸ்’ என்னும் நூலகச் சார்பு உள்ளீட்டை வாசித்தது. அச்சார்புக்கு இடத்தின் அளவைச் சொல்லவே வழியில்லை. புழு 536 பைற்றுகளை அனுப்பி, அடுக்கிலிருந்த திரும்பு முகவரியை மாற்றியது. வக்ஸ் பொறிகளில் அது பலித்தது. சன் பொறிகளிற் சேவை வீழ்ந்ததோடு நின்றது. மாணவர் 1990இல் தண்டிக்கப்பட்டார். சார்பின் கதை வேறு. புழு பரவிய அடுத்த ஆண்டே, 1989இல் வெளியான அமெரிக்கத் தரநிலை கெற்சையும் ஏற்றுக்கொண்டது! தரநிலையிலிருந்து அது நீங்கியது 2011இலேயே. நிரலாளரைக் கண்டிப்பதில் இருந்த வேகம் கருவியைத் திருத்துவதில் இருக்கவில்லை. முன்னரே எழுதப்பட்ட செய்நிரல்கள் பழுதடையலாகாது என்ற நியாயம் மெய்யானதே; எனினும் அந்த நியாயத்தின் செலவை ஏற்றவர், அதனை முன்வைத்தவர் அல்லர்.

தீர்வென வந்தவையும் சில சமயம் புதிய பொறிகளாயின. ‘ஸ்ட்ரென்கொப்பி’ என்னும் சார்பைப் பாதுகாப்பானதெனப் பலர் பரிந்துரைத்தனர். உண்மையில் அது யுனிக்ஸ் கோப்பகங்களில் இருந்த நிலைத்த அளவுப் பெயர்ப் புலங்களுக்கென ஆக்கப்பட்டது. இடம் நிரம்பிவிட்டால் முடிவுக்குறியை இடாமலே விட்டுவிடும். ஓப்பின்பிஎஸ்டி குழுவினர் 1998இல் அறிமுகஞ்செய்த ‘ஸ்ட்ரெல்கொப்பி’ இக்குறையை நீக்கியது. லினக்சிற் பெருவழக்கான குனு நூலகம் அதனை ஏற்றது 2023இலேதான்.

இதனிடையே வழுநீக்கத்தின் சுமை மெல்ல மெல்லப் பொறியின்மீது மாறியது. 1990களின் தொடக்கத்தில் வந்த பியூறிஃபை, 2002இல் வெளியான வால்கிறைண்ட், 2012இல் விவரிக்கப்பட்ட அட்ரஸ்சானிற்றைசர் ஆகியன, நினைவகத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் நிழற்குறிப்பொன்றைப் பேணி, எல்லை கடந்த கணத்திலேயே அவ்வரியைக் காட்டின. அட்ரஸ்சானிற்றைசரால் ஓட்டம் சராசரியாக 73 வீதம் மந்தமாகும் என அதன் ஆசிரியர்கள் அளந்து கூறினர். பிடிபி-7இல் இத்தகைய ஆடம்பரத்தை எவரும் கற்பனை செய்திருக்க முடியாது.

தமிழில் எழுதுவோர்க்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. யுரிஎப்-8 குறியேற்றத்தில் ‘தமிழ்’ என்னும் மூவெழுத்துச் சொல் ஐந்து குறிகளாகப் பிரிந்து 15 பைற்றுகளைக் கொள்ளும்; முடிவுக்குறியுடன் 16. அதனை 13 பைற்று இடத்தில் ஸ்ட்ரெல்கொப்பி கொண்டு படியெடுத்தால், 12 பைற்றுகளும் ஒரு பூச்சியமும் முறையாக எழுதப்படும். எல்லை மீறப்படவில்லை, முடிவுக்குறியும் உண்டு, குறியேற்றமும் செல்லுபடியானதே. ஆயினும் ஈற்றிலுள்ள புள்ளி நீங்கிச் சொல் ‘தமிழ’ என நிற்கும். மேற்கூறிய கருவிகளுள் எதுவும் இதனை வழுவென்று காட்டாது.