பைரன் முனை: காடு அழிந்த வழியும் கலங்கரை விளக்கம் எழுந்த வழியும்

ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் கிழக்கு விளிம்பு, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலுள்ள பைரன் முனை. இங்கு வருவோர் வெள்ளைக் கலங்கரை விளக்கத்தை வரலாற்றுச் சின்னமாகவும், அதைச் சுற்றிச் செல்லும் 3.7 கிலோமீட்டர் நடைபாதையில் எதிர்ப்படும் மழைக்காட்டை இயற்கைக் காட்சியாகவும் பார்க்கிறார்கள். இப்படிப் பிரித்துப் பார்ப்பது வரலாற்றுக்குப் பொருந்தவில்லை. காட்டை அழித்து வளர்ந்த வணிகமே அந்த விளக்கத்தைக் கேட்டது.

1770 மே மாதம் கப்பலில் கடந்துபோன ஜேம்ஸ் குக், உலகைச் சுற்றிவந்த கடற்படை அதிகாரி ஜான் பைரனின் பெயரை முனைக்கு இட்டார். பன்ஜலங் இனத்தின் அரக்வல் மக்கள் அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இங்கு வாழ்ந்துவருகிறார்கள்.

முனைக்கு மேற்கே சுமார் 75,000 ஹெக்டேரில் 'பிக் ஸ்க்ரப்' என்ற தாழ்நில மழைக்காடு பரந்திருந்தது. 1840களில் மரம் வெட்டிகள் சிவப்பு சீடரைத் தேடி உள்ளே புகுந்தனர். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் சந்தன வேம்பு எனப்படும் அதே மரந்தான் அது. பின்னர் வந்த குடியேறிகள் எஞ்சிய காட்டை எரித்துப் பால்மாட்டுக்குப் புல்வெளி ஆக்கினர். 1888இல் கப்பல்துறைப் பாலம், 1894இல் ரயில், 1895இல் வெண்ணெய்க் கூட்டுறவு என்று வரிசையாக வந்தன. பிக் ஸ்க்ரப்பில் இன்று ஒரு சதவீதம்கூட மிச்சமில்லை. மரமும் வெண்ணெயும் ஏற்றிய கப்பல்களுக்கு இரவில் வழிகாட்ட ஓர் ஒளி தேவைப்பட்டது.

சார்லஸ் ஹார்டிங் வடிவமைத்த 22 மீட்டர் கோபுரம் 1901இல் நிறைவுற்றது. அவருக்கு முன் ஜேம்ஸ் பார்னெட் செதுக்கிய மணற்கல்லில் கட்டிவந்தார். ஹார்டிங் அதே தோற்றத்தை வைத்துக்கொண்டு கான்கிரீட்டுக்கு மாறினார். கட்டைகளைத் தரையிலேயே வார்த்து, மேலே தூக்கி அடுக்கி, சிமெண்டு பூசினார்கள். திறப்பு விழாவுக்கு முதல்வரை ஏற்றிவந்த கப்பல் மோசமான வானிலையால் தாமதமானது. அந்தக் கடலுக்குக் கலங்கரை விளக்கம் ஏன் வேண்டும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

உள்ளே இருப்பது பிரெஞ்சு நிறுவனமான ஹென்றி-லெபோட் செய்த லென்ஸ். 760 கண்ணாடித் துண்டுகள். எடை 8 டன். பாதரசத் தொட்டியில் மிதப்பதால் இவ்வளவு கனமும் ஏறக்குறைய உராய்வின்றிச் சுழல்கிறது. முதலில் எரிந்தது எண்ணெய்த் திரிவிளக்கு. 1922இல் மண்ணெண்ணெய் ஆவி விளக்கு வந்தது. 1956இல் மின்சாரம் வந்தபின் ஒளி 22 லட்சம் கேண்டெலாவை எட்டியது. 1989இல் இயக்கம் தானியங்கியானது, காவலர்கள் விடைபெற்றனர்.

இடையில் 1954 முதல் 1962 வரை முனையை ஒட்டிய ஊரில் திமிங்கில வேட்டை நிலையமும் இயங்கியது. கூன்முதுகுத் திமிங்கிலங்கள் அருகிப்போனதும் அது மூடப்பட்டது. இன்று அவற்றின் வலசையைக் காணவே மக்கள் முனைக்கு ஏறுகிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் முடிவில் உரிமைக் கேள்வி எழுந்தது. அரக்வல் மூத்தோர் 1994இல் நிலவுரிமை கோரினர். 2001இல் அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டால் முனைக்குத் தெற்கே அரக்வல் தேசியப் பூங்கா உருவானது. பழங்குடி நிலவுரிமையை நீதிமன்றம் ஏற்றது 2019இல்தான். கால் நூற்றாண்டுக் காத்திருப்பு, என் பார்வையில், அந்த உடன்பாட்டின் பெருமையைக் குறைக்கவே செய்கிறது.

நடைபாதையில் எதிர்ப்படும் வகையான கடலோர மழைக்காடு 2008 முதல் ஆஸ்திரேலியச் சட்டப்படி மிக அருகிவரும் சூழல் தொகுதி. முனைச்சரிவில் பங்கலோ பனைகளோடு எஞ்சிய துண்டுக்கு இப்போதைய எதிரி, மணல் அரிப்பைத் தடுக்கவென்று ஒருகாலத்தில் இக்கரையோரம் எங்கும் நட்ட தென்னாப்பிரிக்கப் புதர்ச்செடியான பிட்டூ. அதைப் பிடுங்கும் வேலை இன்னும் நடக்கிறது.